ஸ்டாஃப் தூரத்தைக் குறைத்தும் பக்கம் ஏன் அசையவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நான்கு குரல் கொயரும் (சேர்ந்து பாடும் குழு) பியானோவும் சேர்ந்த ஒரு ஸ்கோரை, அதாவது எல்லாருடைய இசைக்குறிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் தாளை, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4-ல் எழுதியிருக்கிறீர்கள். ஏ4 தாளில் மூன்று பக்கம், மொத்தம் ஐந்து சிஸ்டம். ஸ்டாஃப் என்பது சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரி; ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்டாஃபுகளின் ஒரு அடுக்குதான் சிஸ்டம். முதல் பக்கத்தில் ஆல்டோவின் (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடல் வரி அதற்குக் கீழே இருக்கும் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) சுரங்களோடு உரசுகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சிஸ்டம்தான். அதன் ஆறு ஸ்டாஃபுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல விலகி நிற்கின்றன. ஸ்டைல் பெட்டியில் ஸ்டாஃபுகளுக்கு இடையிலான குறைந்தபட்ச தூரத்தை 3.5-லிருந்து 2-ஆகக் குறைத்தும் எதுவும் நகரவில்லை. எல்லாப் பக்கத்திலும் ஒரே தூரம் வர எந்த எண்ணை மாற்றுவது, இல்லை கையால் இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

எண்ணை மாற்றியும் பக்கம் அசையவில்லை என்றால், அந்த இடத்தில் தூரத்தை முடிவுசெய்வது அந்த எண் இல்லை என்று அர்த்தம். அப்படியானால் யார் முடிவுசெய்கிறார்கள்? கொயர்களுக்கும் சிறு குழுக்களுக்கும் ஸ்கோர் வடிவமைத்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. மேல்–கீழ் இடைவெளி பற்றி என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

இரண்டு ஸ்டாஃபுகளுக்கு நடுவில் கடைசியாக வந்து விழும் தூரம் மூன்று விஷயங்களால் ஆனது. முதலாவது நீங்கள் கேட்கும் தூரம், அதாவது ஸ்டைல் பெட்டியில் இருக்கும் எண். இரண்டாவது, நடுவில் இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கத் தேவைப்படும் தூரம்: பாடல் வரி, லெட்ஜர் கோட்டுச் சுரங்கள் (ஸ்டாஃபுக்கு வெளியே குட்டிக் கோடு போட்டு எழுதுபவை), ஸ்லர் (சுரங்களைச் சேர்க்கும் வளைகோடு), டைனமிக்ஸ் (ஒலி அளவுக் குறிகள்) எல்லாம் இதில் வரும். மூன்றாவது, பக்கத்தின் அடிவிளிம்பு வரை ஸ்கோர் நிரம்பி நிற்க வேண்டும் என்பதற்காக மென்பொருள் கூட்டித் தரும் தூரம். முதல் இரண்டில் எது பெரிதோ அது நிற்கும். அதன் மேல் மூன்றாவது வந்து சேரும். உங்கள் முதல் பக்கமும் மூன்றாம் பக்கமும் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் தீர்க்கப் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம்.

மூன்றாம் பக்கம் எளிது, அதை முதலில் பார்ப்போம். அங்கே நடப்பது பக்கத்தை நிரப்பும் வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மியூஸ்ஸ்கோரில் 3.6 பதிப்பு முதல், 2021 தொடக்கத்திலிருந்து, ஸ்டாஃபுகளை மேல்–கீழாக விரித்துப் பக்கத்தை நிரப்பும் வசதி இருக்கிறது. ஃபார்மட் மெனு, ஸ்டைல், அதில் பேஜ் என்று போனால் 'வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷன்' என்று ஒரு தேர்வு இருக்கும். அது இயங்கும்போது குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எல்லைகளைத்தான் நீங்கள் தருகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் இடம் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 15 மி.மீ. விளிம்பு என்று வைத்தால் மிஞ்சுவது 267 மி.மீ. ஸ்டாஃபின் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை ஒரு ஸ்பேஸ் என்கிறோம். மென்பொருளில் உள்ள எண்களெல்லாம் இந்த அளவில்தான். ஸ்டாஃபின் உயரம் 7 மி.மீ. என்றால் ஒரு ஸ்பேஸ் 1.75 மி.மீ. ஆக உங்கள் பக்கத்தின் உயரம் சுமார் 152 ஸ்பேஸ். ஆறு ஸ்டாஃப், ஒவ்வொன்றும் 4 ஸ்பேஸ், மொத்தம் 24. நடுவில் ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் 6.5 என்றால் 32.5. ஒரு சிஸ்டம் 56.5 ஸ்பேஸில் முடிந்துவிடுகிறது. மீதி 96 ஸ்பேஸ் வெற்றிடம், கிட்டத்தட்ட 17 செ.மீ. இந்த வெற்றிடத்தைத்தான் மென்பொருள் அந்த ஐந்து இடைவெளிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கப் பார்க்கிறது. அதிகபட்ச எல்லை குறுக்கே வரும் வரை கொடுத்துக்கொண்டே போகும். குறைந்தபட்சத்தை நீங்கள் 3.5-லிருந்து 2-ஆக இறக்கியபோது, மிஞ்சிய ஒன்றரை ஸ்பேஸும் வெற்றிடத்தோடு சேர்ந்து, அதே இடைவெளிக்கே திரும்பி வந்துவிட்டது. எண் மாறியும் படம் மாறாததற்கு இதுதான் காரணம்.

அதனால் அங்கே நீங்கள் தொட வேண்டியது அதிகபட்ச எல்லைகள். ஸ்டாஃப் தூரத்தின் அதிகபட்சத்தை 8 அளவுக்கு இறக்குங்கள். பியானோவின் இரண்டு ஸ்டாஃபுகளுக்கு என்று தனியாக ஒரு அதிகபட்சம் இருக்கும். அதை 7 அளவில் வையுங்கள். அதே பகுதியில் 'மேக்ஸ் பேஜ் ஃபில் டிஸ்டன்ஸ்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். மற்ற எல்லைகள் எல்லாம் தொட்ட பிறகும் பக்கத்தில் இடம் மிஞ்சினால், ஒவ்வொரு இடைவெளிக்கும் இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பதைச் சொல்லும் எண் அது. பலர் இதைக் கவனிப்பதில்லை. மற்றதையெல்லாம் குறைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் கடைசிப் பக்கம் விரிந்தேதான் இருக்கும். அதைப் பூஜ்யமாக்குங்கள். சிஸ்டம் மேலே ஏறி உட்காரும், கீழே பக்கம் காலியாக இருக்கும். இருக்கட்டும். கடைசிப் பக்கம் பாதியில் முடிவதில் எந்தத் தப்பும் இல்லை என்பது என் கருத்து. பாடுபவருடைய கண் முந்தைய இரண்டு பக்கங்களில் ஒரு தூரத்துக்குப் பழகியிருக்கும். திடீரென்று சோப்ரானோவுக்கும் ஆல்டோவுக்கும் நடுவில் இரண்டு மடங்கு இடம் வந்தால் கண் தடுமாறும்.

விரிக்கும் வசதியையே மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அணைத்தால் அதே பெட்டியில் உள்ள நிலையான ஸ்டாஃப் தூரம் என்ற எண் வேலை செய்யத் தொடங்கும், தூரங்கள் அமைதியாகிவிடும். சோதனைக்காக அவசியம் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சரியாகிவிடும் பக்கத்தில் பிரச்சினை விரிப்பு. அணைத்த பிறகும் வீங்கியே இருக்கும் இடத்தில் பிரச்சினை முட்டல். இதைவிட வேகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முடிவான அச்சுக்கு நான் அதை அணைப்பதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் கடைசி ஸ்டாஃப் ஒரே மட்டத்தில் முடியும்போது புத்தகத்துக்கு ஒரு நிதானம் வருகிறது. எல்லையை இறுக்கி வைத்துக்கொண்டு, விரியும் இடத்தை ஸ்டாஃபுகளுக்குக் கொடுக்காமல் சிஸ்டங்களுக்கு நடுவில் போகும்படி செய்வதுதான் நல்ல வழி. அதே பெட்டியில் சிஸ்டங்களின் தூரத்துக்கான பெருக்கு எண்ணைக் கூட்டினால் அப்படித்தான் நடக்கும்.

இப்போது முதல் பக்கம். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது, உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் சொல்லக்கூடியதும் இருக்கிறது.

உறுதியானது இது. ஆல்டோ ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த சுரங்களுக்கான ஸ்டாஃப் குறி), நடு சி-க்கும் கீழே இருக்கும் ஏ-யைப் பாடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரம் இரண்டாவது லெட்ஜர் கோட்டின் மேல் உட்காரும். அதன் நடுப்புள்ளி ஸ்டாஃபின் கீழ்க் கோட்டிலிருந்து 2 ஸ்பேஸ் கீழே. சுரத்தலையின் அடிப்பகுதி 2.5 ஸ்பேஸ் கீழே. அதன் கீழ் ஒரு ஸ்பேஸ் மூச்சுவிட இடம், அதன் கீழ் பாடல் வரி, எழுத்தின் உயரம் சுமார் 2 ஸ்பேஸ். ஆக 5.5 ஸ்பேஸ் இங்கேயே போய்விட்டது. இப்போது டெனர் மேலே போய் ஒரு லெட்ஜர் கோட்டுச் சுரத்தைப் பிடிக்கிறது. அது தன் ஸ்டாஃபின் மேல் கோட்டிலிருந்து 1.5 ஸ்பேஸ் உயர்ந்து நிற்கும். மொத்தம் 7 ஸ்பேஸ், அதுவும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையில். நீங்கள் 2 என்று கேட்டாலும் 3.5 என்று கேட்டாலும் அந்த இடத்துக்கு 7-க்கு மேல்தான் வேண்டும். எழுத்தின் கீழே சுழியும் மேலே கொம்பும் வளைவும் வரும் எழுத்துருவில் பாடல் வரி எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பாடல் வரி ஒரு சிஸ்டம் முழுக்க ஒரே நேர்கோட்டில் ஓடுவது. அந்த ஒரே ஒரு தாழ்ந்த ஏ, தான் இருக்கும் பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் உள்ள கட்டம்) மட்டும் வரியைக் கீழே தள்ளாது. அந்த சிஸ்டத்தின் தொடக்கம் முதல் கடைசி வரை முழு வரியையும் தள்ளிவிடும். சிஸ்டத்தின் இடது ஓரத்தில் காரணமே இல்லாமல் பெரிய இடைவெளி தெரிந்தால் வலது ஓரம் வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள், எங்கோ ஒரு தாழ்ந்த சுரம் இருக்கும். மென்பொருள் ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் ஒரு நிழல்கோடு வரைந்துகொள்கிறது: மேல் ஸ்டாஃபின் பொருள்கள் எந்த இடத்தில் எவ்வளவு தொங்குகின்றன, கீழ் ஸ்டாஃபின் பொருள்கள் எந்த இடத்தில் எவ்வளவு நிமிர்ந்திருக்கின்றன என்று. இரண்டு நிழல்களும் மிக நெருங்கும் ஒரு புள்ளிதான் முழு சிஸ்டத்தின் தூரத்தையும் முடிவுசெய்கிறது.

சந்தேகமானது எது என்றால், உங்கள் பக்கத்தில் வரி 'உரசுகிறது' என்பது. தானியங்கி இடமமைப்பு ஒழுங்காக இயங்கினால் நெருக்கம் வரலாம், உரசல் வரக்கூடாது. இதற்கு இரண்டு காரணங்களை நினைக்கிறேன். ஒன்று, யாரோ அந்த வரியையோ டெனரின் ஸ்லரையோ கையால் நகர்த்தியிருக்கலாம், அல்லது அதன் ஆட்டோபிளேஸ், அதாவது அந்தத் தானியங்கி இடமமைப்பு, அணைந்திருக்கலாம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத் தெரியாமல் சமக்குறி விசையை அழுத்தினாலே அது அணைந்துவிடும். இன்னொன்று, அங்கே ஒரு நிலையான ஸ்பேசர் (ஸ்டாஃப் தூரத்தைக் கையால் குறிக்க வைக்கும் பொருள்) வைக்கப்பட்டிருக்கலாம். அது முட்டலைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்ன தூரத்தில் ஸ்டாஃபைக் கட்டிப்போட்டுவிடும். உரசும் பொருளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்–ஆர் அழுத்துங்கள். கையால் நகர்த்தியது போய்ப் பழைய இடத்துக்கு வரும். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்பேசரைத் தேடுங்கள். வடிவமைப்புக் குறிகளைக் காட்டும் வசதியை ('ஷோ ஃபார்மட்டிங்') வியூ மெனுவில் இயக்கினால் அது தெரியும்.

ஸ்பேசர் பற்றிப் பேச்சு வந்ததால், கையால் இழுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இழுக்கலாம், கடைசியாக. லேஅவுட் தட்டில் மூன்று ஸ்பேசர்கள் இருக்கின்றன. மேல் ஸ்பேசரும் கீழ் ஸ்பேசரும் 'இதற்குக் குறையாமல் இடம் விடு' என்று மட்டும் சொல்லும். நிலையான ஸ்பேசர் 'சரியாக இவ்வளவுதான்' என்று சொல்லும். இந்த மூன்றும் ஏதோ ஒரு பாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை 40 பக்கத்துக்கு மேல் ஓடும் ஒரு ஸ்கோரை ஸ்பேசர் வைத்து வைத்தே சீர்செய்து முடித்தேன். அப்புறம் பாடகர்களின் வசதிக்காக முழுவதையும் ஒரு டோன் கீழே இறக்கச் சொன்னார்கள். லெட்ஜர் கோடுகள் மாறின, ஷார்ப்களும் ஃபிளாட்களும் மாறின, பார்கள் ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவின. ஸ்பேசர்களும் அவற்றோடு தாவின. இறுக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் முட்டல். ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நீக்க இரண்டு இரவுகள் ஆயின. அன்றிலிருந்து சுரங்கள் முடிவாகி, பிழை திருத்தம் முடிந்து, சிஸ்டம் முறிவுகளையும் (எந்தப் பாரோடு ஒரு சிஸ்டம் முடிகிறது என்பதை) பூட்டிய பிறகுதான் ஸ்பேசரைத் தொடுகிறேன்.

ஒரு குறிப்பிட்ட ஸ்டாஃபுக்கு எல்லாப் பக்கத்திலும் கூடுதல் இடம் வேண்டும் என்றால் ஸ்பேசர் தேவையே இல்லை. கொயருக்கும் பியானோவுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் அதிகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பியானோ வலதுகை ஸ்டாஃபின் பண்புகளைத் திறந்தால், அதற்கு மேலே விட வேண்டிய கூடுதல் தூரம் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே 1.5 அல்லது 2 கொடுங்கள். ஸ்கோர் முழுக்க அது நிற்கும், பார்கள் இடம் மாறினாலும் குலையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் எதைத் தொடுவேன் என்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எந்த எண்ணையும் இல்லை; ஸ்டாஃபின் உயரத்தை. 7 மி.மீ. என்பது தனி இசைக்கருவிக்கும் பியானோவுக்கும் நல்ல அளவு, ஆறு ஸ்டாஃப் கொண்ட சிஸ்டத்துக்குப் பெரிது. ஒரு ஸ்பேஸை 1.75-லிருந்து 1.4 மி.மீ. ஆக்கினால் ஸ்டாஃப் 5.6 மி.மீ. ஆகும், பக்கத்தின் உயரம் 152 ஸ்பேஸிலிருந்து 190-ஆக வளரும். ஸ்டாஃப் இடைவெளி சராசரி 6 என்றால் ஒரு சிஸ்டம் 54, மூன்று சிஸ்டம் 162, நடுவில் இரண்டு இடைவெளிக்குத் தலா 10 சேர்த்தால் 182. இரண்டாம் பக்கத்தில் மூன்று சிஸ்டம் உட்காரும், முதல் பக்கத்தில் தலைப்போடு இரண்டு. ஐந்தும் முடிந்துவிட்டன, மூன்றாம் பக்கமே தேவையில்லை. அகலத்திலும் இடம் கூடுவதால் ஐந்து சிஸ்டம் நான்காகவும் குறையலாம். அப்படியானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தாராளமாக இரண்டு. 5.6 மி.மீ. கண்ணுக்குப் போதுமா என்பது படிப்பவரைப் பொறுத்தது. தாளைக் கையில் பிடித்துப் பாடுபவர்களுக்கு இது பழகிய அளவுதான். ஸ்டாண்டில் தள்ளி வைத்து வாசிக்கும் பியானோக்காரருக்குச் சிரமமாக இருக்கலாம். திரையில் பெரிதாக்கிப் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. ஒரு பக்கத்தை நூறு சதவீத அளவில் அச்செடுத்து, அவர் வாசிக்கும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

வேறு மென்பொருளிலும் இதே கேள்வி வரும் என்பதால் சுருக்கமாக. லிலிபாண்டில் இந்த விஷயம் மிகத் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு இடைவெளிக்கும் பேசிக் டிஸ்டன்ஸ், மினிமம் டிஸ்டன்ஸ், பேடிங், ஸ்ட்ரெச்சபிலிட்டி என்று நான்கு எண்கள். முதலாவது கேட்கும் தூரம், இரண்டாவது நெருக்க எல்லை, மூன்றாவது நிழல்களுக்கு நடுவில் விட வேண்டிய வெற்றிடம், நான்காவது இழுக்கும்போது எவ்வளவு இளகும் என்பது. சிஸ்டங்களுக்கு நடுவில் அது இயல்பாக வைத்திருப்பது 12, 8, 1, 60. கடைசிப் பக்கத்தை அது தானாகவே விரிக்காமல் விட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: லிலிபாண்ட் ஸ்டாஃபின் நடுக்கோட்டிலிருந்து அடுத்ததன் நடுக்கோடு வரை அளக்கும், மியூஸ்ஸ்கோர் ஒன்றின் கீழ்க் கோட்டிலிருந்து அடுத்ததன் மேல் கோடு வரை அளக்கும். இங்கே 6.5 என்பது அங்கே 10.5. ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதில் அப்படியே போடாதீர்கள். டோரிகோவில் லேஅவுட் ஆப்ஷன்ஸில் விரும்பும் இடைவெளிகள் ஒரு பக்கம், முட்டலைத் தவிர்க்கும் குறைந்தபட்ச இடைவெளிகள் இன்னொரு பக்கம் என்று இருக்கும். பக்கம் எத்தனை சதவீதம் நிரம்பினால் ஸ்டாஃபுகளையும் சேர்த்து விரிப்பது, எத்தனைக்கு மேல் சிஸ்டங்களை மட்டும் விரிப்பது என்று இரண்டு வரம்புகள் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. சிபேலியஸிலும் எங்ரேவிங் ரூல்ஸில் இப்படி ஒரு சதவீத வரம்பு உண்டு. கடைசிப் பக்கம் விரிந்தால் அதை உயர்த்திப் பாருங்கள்.

உங்கள் ஸ்கோருக்கு வரிசை இது: முதலில் ஸ்டாஃபின் உயரம், அடுத்து சிஸ்டம் முறிவுகள், அடுத்து விரிப்பை அணைத்து முட்டல்களைத் தீர்ப்பது, பிறகு விரிப்பை மறுபடி இயக்கி அதிகபட்ச எல்லைகள். குறைந்தபட்சத்தை 2-லிருந்து பழையபடி 3.5-க்கே ஏற்றிவிடுங்கள், அது எந்தத் தப்பும் செய்யவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஆல்டோ வரி டெனரைத் தொட்டால், அந்த ஒரு சிஸ்டத்தின் படத்தையும் பேஜ் பெட்டியின் படத்தையும் போடுங்கள். எந்தச் சுரம் தள்ளுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.